லீவே விடாத கடை

மந்தைவெளிப் பக்கம் எங்கள் மருந்துக்கடையைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "அவங்க லீவே விட மாட்டாங்க." பொங்கலுக்கும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸுக்கும் திறந்திருக்கும், தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றபோதும் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சொல்கிறவர்கள் பெருமையாகத்தான் சொல்வார்கள். நானும் என் கணவரும் ரொம்ப நாள் அதைப் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டோம். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வீட்டு அடுப்பு அணைவதே இல்லை என்று மெச்சுகிறவர், உள்ளே வேகிறது யார் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

கடை ஆரம்பித்தது அவருடைய ஆசை. அதற்கு முன்னால் அவர் மருந்து கம்பெனி ரெப். கழுத்தில் டை, கையில் கனமான பை, ஒவ்வொரு டாக்டர் வாசலிலும் காத்திருப்பு. நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிடுவார். அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த அவமானங்களைச் சேர்த்து வைத்துத்தான் கடை போட்டார். "இனிமே யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம். நமக்கு நாமே முதலாளி" என்றார். பார்மசி படித்தது நான். பார்மசிஸ்ட் கடையில் இல்லாமல் மருந்து விற்கக்கூடாது என்பது சட்டம். அதனால் அவருடைய ஆசைக்கு என் படிப்பு துணை வந்தது, என் படிப்போடு நானும் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என் அம்மா சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "மே மாசம் லீவாவது இருக்கிற வேலையாப் பாரேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது. நான் சிரித்தேன்.

யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று ஆரம்பித்த கடையில், தெருவில் போகிற வருகிற எல்லாரும் எங்களுக்கு முதலாளிகள் ஆனார்கள்.

அது ஒரே நாளில் ஆகவில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூடிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, குழந்தைக்கு காய்ச்சல் என்று கூப்பிட்டார். என் கணவர் போய்த் திறந்து கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார், தலைவலித் தைலம் கேட்டு. "நம்மள நம்பி இருக்காங்க" என்று சொல்லி ஞாயிறும் முழு நாள் திறக்க ஆரம்பித்தோம். இந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, நம்மை நம்பி இருக்கிறார்கள் என்பது, அதை வைத்தே எங்கள் இருவரையும் மொத்தமாக எழுதி வாங்கிவிட்டார்கள். மதியச் சாப்பாடு கவுண்டருக்குக் கீழே, உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து. பெல் அடித்தால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு எழ வேண்டும். இன்றைக்கும் எனக்கு மெதுவாகச் சாப்பிட வரவில்லை.

ஞாயிறு பூசைக்கு நாங்கள் தனித்தனியாகத்தான் போவோம். ஒருவர் காலை முதல் பூசைக்கு, மற்றவர் அடுத்ததற்கு. இப்படியே வருஷக்கணக்கில் போனதில் பங்குச் சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது மனஸ்தாபமாம்மா? ரெண்டு பேரும் சேர்ந்து வர்றதே இல்லையே" என்று கேட்டார்.

"மனஸ்தாபம் எல்லாம் இல்ல ஃபாதர். அதுக்கும் சேர்ந்து உட்கார நேரம் வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கொரோனா வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் மட்டும் முகத்தில் கவசம், கையில் கிளவுஸ், கவுண்டர் முன்னால் கட்டிய கயிறு என்று நின்றோம். மகளை என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம், எங்களிடமிருந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. அப்போது எங்களை தெய்வம் என்று சொல்லாத வாய் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார்கள். எல்லாம் அடங்கி ஒரு வருஷம் ஆகியிருக்காது, அதே ஆட்கள் போனைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே காட்ட ஆரம்பித்தார்கள். "பாருங்க, ஆப்ல இருபது பர்சென்ட் கம்மி. நீங்க எவ்ளோ தருவீங்க?" மாதம் முழுவதற்கும் வேண்டிய மாத்திரை ஆப்பில் வரும். அவசரத்துக்கு ரெண்டே ரெண்டு மாத்திரை, கத்தரியால் வெட்டி, எங்களிடம். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்களிடம். பிரஷர் பார்க்க எங்களிடம். ஆப்பிடம் இதையெல்லாம் கேட்க முடியாதே.

தெய்வம் டிஸ்கவுன்ட் தர ஆரம்பித்தது. அதுவும் போதவில்லை. அவர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். ஆழ்வார்பேட்டை வரைக்கும் போவார், ஒரு ஷாம்பு பாட்டிலுக்கும் ஒரு தைலத்துக்கும். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் மிச்சம் என்ன என்பார். அதுவும் உண்மைதான். கோபப்பட்டுக்கூட ஜெயிக்க முடியாத உண்மை அது.

அவருக்கு பிரஷர் இருந்தது. எங்கள் கடையிலேயே, எங்கள் மெஷினிலேயே பார்த்துக் கண்டுபிடித்ததுதான். மாத்திரை ஆரம்பித்தார். அந்த மாத்திரை எங்கள் கடையில் ஒரு தட்டு முழுக்க இருக்கும், கை நீட்டினால் எட்டும். ஆனால் அவர் பாதி நாள் போட்டுக்கொள்ள மாட்டார். "போட்டாச்சா?" என்று கேட்டால் "இதோ" என்பார், அதற்குள் யாராவது சீட்டை நீட்டுவார்கள், அந்த "இதோ" அப்படியே போய்விடும். ஊருக்கெல்லாம் வேளை தவறாமல் போடுங்கள் என்று கவரில் எழுதிக் கொடுத்த மனிதர்.

அது ஒரு திங்கட்கிழமை காலை. திங்கள் என்றாலே கூட்டம். ஞாயிறு முழுக்கத் தள்ளிப்போட்ட நோயெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். கவுண்டர் முன்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் உள்பக்கம் ஃப்ரிட்ஜில் இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரமாக நிற்கிறாரே என்று பக்கத்தில் போனேன்.

"இது என்னன்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

டாக்டர் கிறுக்கல் என்று நினைத்து வாங்கினேன். அது கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டு. பளிச்சென்று, பெரிய எழுத்தில், தினமும் நாங்கள் பத்துப் பேருக்குக் கொடுக்கிற சர்க்கரை மாத்திரை.

"என்னங்க, நல்லாத்தானே இருக்கு?"

"எழுத்து தெரியுது. என்னன்னு தெரியல" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தார். கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு காபி குடித்துவிட்டு வருவார், கண் அசதி என்று. இன்னொரு நாளாக இருந்தால் பின்னாலேயே போயிருப்பேன். எதிரே அத்தனை கை நீட்டியிருந்தது. ஒன்று வாங்கி, எடுத்து, கொடுத்து, அடுத்தது வாங்கி, கொடுத்து. நடுநடுவே தெருவை எட்டிப் பார்த்தேன். அவருடைய போன் கவுண்டரில் கிடந்தது. காபிக் கடையில் இல்லை என்று எதிர்க்கடைக்காரர் கையசைத்துச் சொன்னார். அப்போதும் கை மாத்திரையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு கடை போன் அடித்தது. எங்கள் போர்டில் எழுதியிருக்கிற செல் நம்பர்.

"மெடிக்கல் ஷாப்பா? நான் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டாண்ட டீக்கடை வெச்சிக்கினு கீறேன்மா" என்றது ஒரு ஆண் குரல். "இங்க ஒருத்தரு ரொம்ப நேரமா குந்திக்கினு கீறாரு. போன் இல்ல, கண்ணாடி இல்ல. ஊட்டு நம்பர் இன்னா சார்னு கேட்டா, இத்தச் சொல்றாரு."

"எப்படி இருக்காரு அவரு?"

"மேலுக்கு ஒண்ணும் இல்லம்மா. டீ குட்த்தேன், குடிச்சாரு. எந்திரிங்கன்னா மட்டும் எந்திரிக்க மாட்டேங்கறாரு. ஊட்டுக்காரம்மாவா? சீக்கிரமா வாங்க. அதுவரிக்கும் நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு, "கடைய மூடறேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்த ஒருவர், "ரெண்டு நிமிஷம்தானே மேடம். என்னோடது மட்டும் குடுத்துடுங்க" என்றார். அவருக்குப் பின்னால், தெருமுனை வீட்டு மாமி. எங்களிடம் பல வருஷமாக வாங்குகிறவர். "ஏம்மா, எனக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துடுத்து, ஆத்துல ஒண்ணுகூட இல்ல. அதைக் குடுத்துட்டு மூடிக்கோயேன்" என்றார். பிரஷர் மாத்திரை இல்லாமல் ஒரு நாள் விடக்கூடாதே என்று என் கை தானாகப் போய் எடுத்துக் கொடுத்தது. என் புருஷன் எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாண்டில் பிரஷர் மாத்திரை போடாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மாமிக்குக் கொடுத்ததைப் பார்த்ததும் இன்னும் மூன்று பேர் சீட்டை நீட்டினார்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கொக்கியை மாட்டி ஷட்டரை இழுத்தேன். பகலில் இறக்கியே பழக்கமில்லாத ஷட்டர், பாதியில் சிக்கியது. தொங்கி இழுத்தேன். ஹெல்மெட்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டோ அடையாறு பாலம் தாண்டுவதற்குள் கடை போன் விடாமல் அடித்தது. கடை மூடியிருக்கே மேடம். எப்ப வருவீங்க. வேற எங்க கிடைக்கும். மூன்றாவது ஆளிடம் ஏதோ சொல்லிக் கத்தினேன், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். பூசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் எதிரே மண்டியிட்டு, சிரிக்கச் சொன்னேன், இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், மகள் பேரைக் கேட்டேன். பக்கவாதமோ என்றுதான் பயம். சிரித்தார், தூக்கினார், சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைய யாரு பார்க்கறா?"

எனக்கு அந்த இடத்தில் அவரை அறைய வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

"மூடிட்டேன்."

"மூடிட்டியா" என்றார். திரும்ப ஒருமுறை, "மூடிட்டியா." பிறகு அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியது. யாரோ உள்ளே பிடித்திருந்த கயிற்றை விட்டது போல. "பஸ்ஸுல ஏறினேன். கடைசி ஸ்டாப்னு எறக்கி விட்டாங்க. திரும்பி எந்த பஸ்ஸுல ஏறணும்னு பார்த்தேன், போர்டு ஒண்ணும் புரியல. அப்புறம், புரிஞ்சாலும் போக வேணாம்னு தோணிச்சு. அதான் உட்கார்ந்துட்டேன்."

டீக்கடைக்காரரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். "பைய, பைய, நைனா" என்று சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல அவரிடம் சொன்னார் அந்த மனிதர். டீக்குக் காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். அவருடைய கடைக்கும் லீவு கிடையாது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சிக்னல், ஹாரன், குழி, எதற்கும் எழவில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிரஷர் மட்டும், பார்த்த நர்ஸ் இன்னொரு மெஷினைத் தேடிப் போகிற அளவுக்கு ஏறியிருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண், பொறுமையானவள். மூளையில் அடைப்போ கசிவோ இல்லை, இப்போதைக்குத் தப்பித்தீர்கள், ஆனால் உடம்பும் மனசும் சேர்ந்து கைவிரித்துவிட்டன என்றாள். அவரிடம், "கடைசியா எப்ப சார் ஒரு நாள் முழுசா ரெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "அப்பா தவறினப்போ" என்றார்.

"இல்ல டாக்டர். அன்னிக்கும் கல்லறையிலேர்ந்து வந்து சாயங்காலம் திறந்தோம்" என்றேன் நான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அதைச் சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. மாமனாரை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து, அந்தச் சேலையோடு, இருமல் மருந்து விற்றிருக்கிறேன். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்வார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தாமலே செய்ய வைப்பதுதான் இதிலுள்ள கெட்டிக்காரத்தனம்.

கடை மூடியே கிடந்தது. மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கடை போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அதில் வந்த மெசேஜ்களை எனக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறாள். நான் பிடுங்கிப் பார்த்தேன். 'சார் சீக்கிரம் குணமாகப் பிரார்த்திக்கிறோம்' என்று ஒருவர், கூப்பிய கைப் படம் போட்டு. அதற்கு நேர் கீழே, அவரே அனுப்பிய மருந்துச் சீட்டு போட்டோ. ஒருவர் இல்லை, பலர் அப்படி. பிரார்த்தனை, சீட்டு. பிரார்த்தனை, சீட்டு.

ஒருவர் வீட்டுக்கே வந்தார். ரிடையர் ஆன பெரிய அதிகாரி, லிஃப்ட் வேலை செய்யாத அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி. என் கணவர் வாரம் இரண்டு தடவையாவது அந்தப் படி ஏறுவார். அந்த அதிகாரி ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். நல்ல மனசோடுதான் வந்தார் என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. சோபாவில் உட்கார்ந்து, தான் சர்வீஸில் இருந்தபோது எப்படி நேரத்தை வகுத்துக்கொண்டார் என்று சொன்னார். காலையில் பீச்சில் நடக்க வேண்டும் என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் காட்டினார். "பேலன்ஸ் வேணும் சார் வாழ்க்கையில. நீங்க கொஞ்சம் ஓவரா இழுத்துப் போட்டுக்கிட்டீங்க" என்றார். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிற மனிதர் சொல்கிறார், ஒரு நாள் மூடினால் ஒரு நாள் வரும்படி போய்விடுகிற மனிதரிடம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வந்தவர் எழுந்து போகும்போது வாசலில் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "கடை எப்பம்மா திறப்பீங்க? என்னோட மாத்திரை..." என்று பாக்கெட்டில் கைவிட்டார்.

"ஆப்ல கம்மியா கிடைக்குமே சார்" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். எனக்கு அதற்காகவும் வருத்தப்பட மனசு வரவில்லை.

இதற்கு நடுவில்தான் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா வந்தது. கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சின்னச் சங்கம். அதன் செயலாளர் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். என் கணவருக்கு உழைப்பாளி விருது என்று முன்பே முடிவு செய்து, அழைப்பிதழும் அடித்துவிட்டார்களாம். ஒரு நாளும் கடையை மூடாதவர் என்பதற்காக. இப்போது மூடியாயிற்றே என்றேன். "அதனால என்ன சிஸ்டர், இத்தனை வருஷம் மூடலையே" என்றார் செயலாளர். வேண்டாம் என்று நான் சொல்லப்போனேன். உள்ளேயிருந்து என் கணவர், "கூப்பிட்டா போகாம இருக்கறது மரியாதை இல்ல. நீ போய் வாங்கிட்டு வா" என்றார். அந்த நேரத்தில் அவரை எதிர்த்துப் பேச பயமாக இருந்தது. போனேன்.

தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் என்னை உட்காரவைத்தார்கள். ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். கோட், காதோரம் மைக். மேடையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார். "ஞாயிற்றுக்கிழமை சம்பளக்காரனுக்கு. முதலாளிக்கு ஏழு நாளும் திங்கட்கிழமை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாத ஒரு முகம் இல்லை. பாத்திரக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், பேக்கரிக்காரர், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை அரை நாளைத் திருடிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த அரை நாளும் பாவம் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். பேச்சாளர் பேசி முடித்ததும் சால்வையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த மண்டபத்தில் அவருக்கு இன்னொரு திங்கட்கிழமை இருந்திருக்கும்.

என் முறை வந்தது. ஷீல்டைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசுவதாக இல்லை. மைக் கைக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் வீட்டுக்காரர் இன்னிக்கு வரல. அவருக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. என்ன உடம்புன்னு யாரும் சொல்லல. நான் சொல்றேன். அவருக்கு ஒரு நாள் காலையில எழுத்து புரியாமப் போயிடுச்சு. வீட்டுக்கு எந்த பஸ்னு தெரியாம உட்கார்ந்திருந்தாரு. டாக்டர் சொன்னாங்க, லீவு எடுக்காததால வந்ததுன்னு. நீங்க அதுக்குத்தான் இந்த ஷீல்டு குடுத்திருக்கீங்க. இதை நான் எங்க மாட்டி வைக்கிறது? அவரு படுத்திருக்கற ரூம்லயா? உங்கள்ல எத்தனை பேரு இன்னிக்கு மாத்திரை போட்டீங்க? எத்தனை பேரு பிள்ளைங்க முகத்தப் பகல் வெளிச்சத்துல பார்த்தீங்க? தயவுசெஞ்சு யாரும் யாரையும் இதுக்காகப் பாராட்டாதீங்க. பாராட்டினா இன்னும் செய்வோம். நாம அப்படிப்பட்ட ஆளுங்க."

நிறுத்தினேன். பிறகு கைதட்டினார்கள். நன்றாக, நீளமாக, சிலர் எழுந்து நின்று. செயலாளர் மைக்கை வாங்கி, "பார்த்தீங்களா, இவ்வளவு சோதனையிலயும் மனம் தளராம வந்து நிக்கறாங்க நம்ம சகோதரி. இதுதான் உழைப்பு" என்றார். மறுபடி கைதட்டல்.

அந்தக் கைதட்டலில் எனக்கு வந்த கோபம் போல வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை. ஷீல்டை மேடை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன். பின்னாலேயே ஒருவர் ஓடிவந்து, "மறந்துட்டீங்க மேடம்" என்று அதை என் கையில் கொடுத்தார்.

கை கழுவுகிற இடத்தில் பாத்திரக்கடைக்காரருடைய மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள், "அந்த டாக்டர் பேரு என்னக்கா?" என்று கேட்டாள். "இவரு கடையில இருக்கறப்பவே திடீர்னு அழுவறாரு. கேட்டா தூசுன்னு சொல்றாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." பேரையும் நம்பரையும் சொன்னேன். அவள் போனில் டாக்டர் நம்பரை வேறு ஏதோ பெயரில் பதிந்துகொண்டாள்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றபோது செயலாளர் வந்தார். சால்வை இன்னும் தோளில் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சிஸ்டர், சாருக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது? எழுத்து மங்கலாத் தெரிஞ்சுதா, இல்ல புரியாமப் போச்சா?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார். அவருடைய வலது கை விரல்கள் சால்வை நுனியை உருட்டிக்கொண்டே இருந்தன. மேடையில் அவர் பேசியதற்கு அவரை என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. ஆனால் பொறுக்கவும் இல்லை. "நாளைக்குக் கடைய மூடிட்டு அந்த டாக்டரப் போய்ப் பாருங்க. மூடிட்டுப் போங்க. சாயங்காலம் போறேன்னு சொல்லாதீங்க" என்றேன். அவர் "நாளைக்கு ஸ்டாக் வருது" என்று ஆரம்பித்தார். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது.

கடையைத் திரும்பத் திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம். மதியம் மூடிவிடுவோம். ஞாயிறு விடுமுறை. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஷட்டரில் ஒட்டினோம். பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்த ஹெல்மெட்காரரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. மாமி மட்டும் தொடர்ந்து வருகிறார். "ஆத்துக்காரர் எப்படிம்மா இருக்கார்?" என்று இப்போது கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன், சுருக்கமாக.

அவருக்கு வாசிப்பு மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. கவுண்டருக்குக் காலையில் மட்டும் வருவார். நெருக்கி நாலைந்து பேர் நின்றால் இன்றைக்கும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார். வரும்படி குறைந்ததில் இறுக்கிப் பிடித்துத்தான் வாழ்கிறோம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆளைத் திருப்பி எடுத்தோம், அவ்வளவுதான். எடுத்ததில் எங்கள் கையிலிருந்து போனது எவ்வளவு என்று பார்த்தால் மறுபடி கோபம்தான் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும், கேட் மணி அடித்தது. பக்கத்துத் தெருக்காரர், இளம் அப்பா. குழந்தைக்கு காய்ச்சல், மருந்து வேண்டும் என்றார். குழந்தைக்கு எத்தனை வயசு, எடை எவ்வளவு, எப்போதிலிருந்து காய்ச்சல், பால் குடிக்கிறதா, விளையாடுகிறதா என்று கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. எந்த மருந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். மெயின் ரோட்டில் ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கிற கடை இன்றைக்கும் திறந்திருக்கும், அங்கே கிடைக்கும் என்றேன்.

அவர் நகரவில்லை. "உங்க கடை இங்கதானே மேடம் இருக்கு. ஒரு நிமிஷம் திறந்தீங்கன்னா..."

"ஞாயித்துக்கிழமை லீவு தம்பி."

"முன்னாடியெல்லாம் நீங்க இப்படி இல்லையே மேடம். உங்கள நம்பித்தான் வந்தேன்."

"ஆமா. முன்னாடி இப்படி இல்ல" என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். போய் நாலு பேரிடம் சொல்லுவார். சொல்லட்டும். உள்ளே அறையிலிருந்து என் கணவர் தூக்கக் கலக்கத்தில், "யாரு?" என்றார்.

"யாருமில்ல. தூங்குங்க."

கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சமையலறைக்கு வந்து, பாதியில் விட்ட மீனைக் கழுவ ஆரம்பித்தேன்.